துப்பாக்கிக்குப் பதிலாக வந்த வானம்

மலைச்சாமி துப்பாக்கியை விட்டுவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்த கதை போடியில் அவருடைய சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் பேச்சு வற்றிப்போனால் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். இலை எடுக்கும்வரை சிரிப்புக்குக் குறைவிருக்காது.

நடந்தது இவ்வளவுதான். சிலமலையில் விவசாயம் பார்த்துவந்த மலைச்சாமி, நாடு விடுதலையாகிச் சில வருடங்கள் கழித்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கினார். சாவியைக் கொடுத்த அன்று துரை, பங்களாவில் இருப்பதில் ஏதாவது ஒன்றைத் தன் நினைவாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கியது. எதிர்ச் சுவரில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஒரு படம். துரையின் மனைவி புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக்கார அம்மாள். அவருடைய பாட்டனாரோடு பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த படம் அது. பின்பக்கத்துக் கட்டையில் 1868 என்று செதுக்கியிருந்தது. மலைச்சாமி படத்தைக் காட்டினார். தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று துரை மறுபடி கேட்டார். மலைச்சாமி மறுபடியும் படத்தையே காட்டினார்.

கேள்விப்பட்ட சிலமலை தலையில் அடித்துக்கொண்டது. இரட்டைக்குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு நடை நடந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் மதிப்பே வேறாக இருந்திருக்கும்.

"அப்படி அந்தப் படத்துல என்னதான்ணே இருக்கு?" என்று பங்காளிகள் கேட்டார்கள்.

"விடியக்காலம் இருக்கு" என்றார் மலைச்சாமி. "கண்மாயி இருக்கு. நல்ல வெளிச்சம்."

அந்த விடியக்காலத்தை வீட்டார் யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குத் தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதைதான். ஆண்கள் நடந்து போவார்கள், சுமை கழுதைமேல் போகும், பெண்டு பிள்ளைகள் கீழே ஊரில் இருப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜீப்புப் பாதை வெட்டிய பிறகுதான் மலைச்சாமியின் இளைய மகள் சுந்தரம்மாள் முதன்முதலாக மேலே போனாள். சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த படத்தைப் பார்க்க ஓடினாள். பொன்முலாம் மங்கிய அகலமான சட்டம். அதற்குள் கறுப்பு. யாரோ பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியது போலிருந்தது.

"இதுலயாப்பா வெளிச்சம்?"

"இருந்துச்சு ஆத்தா" என்றார் மலைச்சாமி. "சூட்டுல சாயம் செத்துப்போச்சு. நான் மாட்டுன எடம் சரியில்லே."

அவர் மாட்டிய இடம் ஏலக்காய் ஸ்டோர், பச்சைக்காயை உலர்த்தும் கட்டிடம். அங்கே ஏன் மாட்டினார் என்பதை மழைக்காலத்தில் அந்த மலையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் செருப்பில் பூஞ்சை, தலையணையில் பூஞ்சை, டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை. தீக்குச்சி உரசினால் மருந்து பிசுபிசுவென்று வழியும். மலை முழுக்கத் தேடினாலும் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அது ஸ்டோர். ஆகவே அங்கே எல்லாத் தோட்டத்திலும் ஒரு பழக்கம்: எது ரொம்ப உசத்தியோ அதை ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பார்கள். பத்திரமும், பட்டும், ஆர்மோனியமும் ஏலக்காயோடு சேர்ந்து சூடு காயும்.

ஸ்டோர் வேலை செய்கிற விதம் எளிது. கட்டிடத்துக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு பெரிய விறகடுப்பு. அதன் வாய் வெளியே. புகை போகிற தகரக் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரும். உள்ளே தரையோடு தரையாக அறையைச் சுற்றி ஓடி, எதிர்ப்பக்கம் கூரைக்கு மேலே போய்ப் புகையைக் கக்கும். அறைக்குள் வருவது குழாயின் சூடு மட்டும்தான். அந்தச் சூட்டில் அடுக்கடுக்கான கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக்காய் நிதானமாகக் காயும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளுக்கும், புகை பட்டால் மணம் கெடும். அதனால் குழாயின் ஒவ்வொரு மூட்டையும் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி அடைப்பார்கள். பூச்சு காய்ந்து கீறல் விட்டால் மறுபடி பூசுவார்கள். கீறலுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புகை வெளியேறும். வருடக்கணக்காக அந்தக் கொஞ்சம் கொஞ்சம் போய் உட்கார்ந்த இடம், குழாய்க்கு நேர் மேலே மாட்டியிருந்த பிரான்சு தேசத்துப் படம்.

மூத்த மகள் பொன்னுமணியின் புருஷன், பேரில் மட்டும் துரையான வெள்ளைத்துரை, தோட்டத்துக்குள் வந்ததும் கேலி கூடியது. நல்ல உழைப்பாளி. வாய்தான் கொஞ்சம் நீளம். தோட்டத்துக்கு வருகிற விருந்தாளிகளை ஸ்டோருக்குக் கூட்டிப்போய், "எங்க மாமா துப்பாக்கிய விட்டுட்டு ஒரு ராத்திரியத் தூக்கிட்டு வந்தாரு, பாக்குறீங்களா?" என்பான். மலைச்சாமி பதிலே சொல்ல மாட்டார். அப்பா பதில் சொல்லாமல் இருப்பதுதான் சுந்தரம்மாளைச் சுட்டது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அதை நிரூபிக்க அவளிடம் கறுப்பைத் தவிர எதுவும் இல்லை.

1981ஆம் வருடம் பழைய ஸ்டோருக்குப் பக்கத்தில் புது ஸ்டோர் கட்டி முடிந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமியன்று திறப்பு. போடியில் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்த சுந்தரம்மாள் விடுமுறைக்கு மேலே வந்திருந்தாள். ஆயுத பூஜையன்று மத்தியானம் வெள்ளைத்துரை ஸ்டோருக்குள் ஆணியைப் பிடுங்கும் குறடோடு நின்றான்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"சட்டம் நல்ல சட்டம் டீச்சரம்மா. எங்கய்யா போட்டோவைப் பெருசாக்கி வாங்கியாந்திருக்கேன். இதுல போட்டுப் புது ஸ்டோர்ல மாட்டுனா எடுப்பா இருக்கும்."

"படத்த?"

"எந்தப் படத்த?" என்று அவன் சிரித்தான். "தார்ப்பாய் ஒழுகுது, இந்தத் துணிய வெட்டி ஒட்டுப் போடலாம். மாமாகிட்டக் கேட்டுட்டேன். ஒன் இஷ்டம்னுட்டாரு."

சுந்தரம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள். அடுப்பு வாயருகே கட்டையில் உட்கார்ந்து மலைச்சாமி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளைத்துரை ஆணியை இழுத்தான். படம் சுவரைவிட்டு ஒரு குலுக்கலோடு இறங்கியது. அப்போது அதன் நெற்றியிலிருந்து ஏதோ 'பொத்'தென்று தரையில் விழுந்து உடைந்தது.

அது சந்தனம். ஸ்டோரில் காய் கிண்டும் பெண்களுக்குத் தலைவி ராமுத்தாய். ஆயுத பூஜை தோறும் அவள்தான் அடுப்புக்கும் தராசுக்கும் தட்டுக்கும் குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். சுவரில் தொங்குகிற படத்தை மட்டும் விட மனசு வராமல், படம் ஸ்டோருக்கு வந்த முதல் வருடமே அதன் மேல்பக்கம் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். அதில் என்ன வரைந்திருக்கிறது என்று அவள் நின்று பார்த்ததில்லை, பூஜைக்கு ஒரு படம், அவ்வளவுதான். பூஜைப் பொட்டை அழிக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. அடுத்த வருடம் அதன்மேலேயே அடுத்த பொட்டு, அதன்மேல் அதற்கடுத்தது. ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், அடை போலக் கெட்டித்துப்போயிருந்தது. படமெல்லாம் புகை குடித்தபோது அந்தக் காசளவு இடம் மட்டும் சந்தனத்துக்கு அடியில் மூடிக் கிடந்தது.

இப்போது அந்த இடம் திறந்திருந்தது. கறுப்புக்கு நடுவே காசளவு நீலம்.

சுந்தரம்மாள் குனிந்தாள். வெறும் நீலம் இல்லை. நீலத்தின் ஓரத்தில் வெள்ளையை அப்பிய தூரிகையின் தடம் வரிவரியாக நின்றது. மேகத்தின் விளிம்பு.

"மச்சான், கீழ வைங்க. மொள்ள."

அவள் குரலில் இருந்தது என்னவோ, வெள்ளைத்துரை மறுபேச்சில்லாமல் படத்தை மேஜைமேல் படுக்க வைத்தான்.

அவளுக்கு இப்போது புரிந்தது. சாயம் சாகவில்லை. எண்ணெய் வண்ணம் அவ்வளவு சுலபமாகச் சாகாது. நம் வீட்டு எண்ணெய்ச் சாடியின் கழுத்தில் வழிந்த எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிப் பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராமல் இறுகும், பார்த்திருப்போம். படம் வரைய வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். காற்றை உள்ளே வாங்கி வாங்கி, தன்னில் குழைத்த வண்ணப்பொடியையும் பிடித்துக்கொண்டு, தோல் மாதிரி உறுதியாகும். நூறு வருடத்துக்கு மேலான படம் அது. போதாததற்கு, வரைகிறவர்கள் கடைசியில் கண்ணாடி போல் தெளிந்த ஒரு மெருகும் பூசுவார்கள். புகை உட்கார்ந்திருந்தது அந்த மெருகின்மேல். விடியக்காலம் அதற்குக் கீழே பத்திரமாக இருந்தது.

ஆனால் எப்படி எடுப்பது? அப்பா ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து, ஒன்றும் வராமல் பயந்து விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். விறகுப்புகையில் பிசின் உண்டு, வெறும் தண்ணீருக்கு அசையாது. சோப்பு போட்டால் அசையும், அதோடு மெருகையும் கடித்துவிடலாம். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சு சுற்றித் தண்ணீரில் நனைத்து ஒரு மூலையில் உருட்டிப் பார்த்தாள். பஞ்சு லேசாகப் பழுப்பேறியது, அவ்வளவுதான். புதுப் பஞ்சு சுற்றியபோது நுனி பிரிந்து நின்றது. ஊசியில் கோர்க்கும் நூலைச் செய்வது போல, யோசிக்காமல் நாக்கில் தொட்டு முறுக்கி, உருட்டினாள்.

பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது.

இன்னொரு பஞ்சு, இன்னொரு தடவை நாக்கு. மறுபடியும் காப்பி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எச்சில் தின்பண்டத்தைக் கரைப்பதற்கென்றே பிறந்தது. மாவை உடைக்கும் சரக்கு அதில் உண்டு, துளிக் காரத்தன்மை உண்டு, கொழகொழப்பும் உடம்புச் சூடும் உண்டு. பிசினை இளக்குகிற அளவுக்குப் பலம், மெருகைத் தொடாத அளவுக்குச் சாது. வகுப்பில் வருடா வருடம் இதைப் பாடமாக நடத்துகிறவள் அவள்தான்.

"எச்சிலால வருது!" என்று கத்தினாள்.

பூஜைக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்த ராமுத்தாய் உள்ளே ஓடி வந்தாள். "என்ன தாயி, எச்சியா? வருசா வருசம் பொட்டு வச்சுக் கும்புட்ட படம். அதுவும் பூசை நாளுல!"

விஞ்ஞானம் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வராது. சுந்தரம்மாள் அந்த மூலையைக் காட்டினாள். விரல்கடை அளவு இடத்தில் புல் தெரிந்தது, பனி விழுந்த இளம்பச்சைப் புல். ராமுத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"புள்ளை மூஞ்சியில கரி அப்பிக்கிட்டா நாம என்ன பண்றோம்? முந்தானைய நாக்குல தொட்டுத் தொடைக்கிறோம். அதை எச்சின்னு எவளாவது சொல்லுவாளா?" தனக்குத்தானே தீர்ப்பெழுதிவிட்டு நிமிர்ந்தாள். "சரி. எல்லாரும் வாயக் கொப்பளிச்சுட்டு வாங்க. வெத்தலை போட்ட வாயி பக்கத்துல வரப்படாது."

வெள்ளைத்துரை கன்னத்தில் ஒதுக்கியிருந்த வெற்றிலையோடு திருதிருவென்று விழித்தான்.

"ஒங்களைத்தாண்ணே. நீங்க தொட்டா வானம் செவந்துரும்."

அவன் போய்த் துப்பிவிட்டு, நாலு செம்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்தான். அதற்குள் இன்னொரு சிக்கல். கொஞ்ச நேரத்திலேயே சுந்தரம்மாளின் வாய் வறண்டு நாக்கு அட்டையாகிவிட்டது. ராமுத்தாய்க்கும் அதே கதி.

"ஏலக்காயை வாயில போட்டுக்கங்க, ஊறும்" என்றான் ஜீப் டிரைவர் ஜக்கையன்.

"வேணாம். ஏலத்துல எண்ணெய் இருக்கு, அது மெருகைத் தின்னுரும்" என்று தடுத்தாள் சுந்தரம்மாள். "வாயில எதுவும் போடக்கூடாது. ஆனா ஊறணும்."

ஜக்கையன் யோசித்தான். பூஜை முடிந்து ஜீப் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தான். ஒன்றை எடுத்து வந்து எல்லோர் மூக்குக்கும் நேராகப் பிடித்து, அரிவாளால் நிதானமாக இரண்டாக வகுந்து, சாறு சொட்டச் சொட்டப் பிழிந்து காட்டினான். மேஜையைச் சுற்றி நின்ற அத்தனை தாடையும் கூசியது. வெள்ளைத்துரைக்கு ஊறியது போல யாருக்கும் ஊறவில்லை.

"நம்ம மச்சான் வாயி இன்னைக்குத்தான் ஒரு சோலிக்கு உதவுது" என்றாள் சுந்தரம்மாள்.

"குத்திக்காட்டாத. பஞ்சக் கொண்டா வெரசா."

அழுத்தாமல், தேய்க்காமல், பஞ்சை உருட்ட மட்டும் வேண்டும். அழுக்கான பஞ்சால் மறுபடி தொடக் கூடாது. உருட்டிய இடத்தை நல்ல தண்ணீர்ப் பஞ்சால் ஒற்ற வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, காய் பொறுக்கிப் பழகிய விரல்கள் சட்டென்று பிடித்துக்கொண்டன. சந்தனம் காத்த நீலம் மெல்ல அகன்றது. மேகம் முழு மேகமானது.

வெள்ளைத்துரை வாசலுக்குப் போனான். "மாமா, வந்து பாருங்க. வானம் வந்திருச்சு."

"நீங்க பாருங்கப்பா" என்றார் மலைச்சாமி, அடுப்பைப் பார்த்தபடியே. அவர் கை விறகுக்கட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததைச் சுந்தரம்மாள் கவனித்தாள். மீதி வராமல் போய்விட்டால் என்ற பயம் அது. தானே படத்தைக் கொன்றுவிட்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்தவர் அவர்.

வெள்ளைத்துரைக்குப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "சரி, அங்கனயே இருங்க. பாக்காமச் சொல்லுங்க. வானத்துக்குக் கீழ, இடது கைப் பக்கம் என்ன?"

"மரம்" என்றார் உடனே. "நெட்டை நெட்டையா, வரிசையா. கடைசி மரம் மட்டும் லேசாச் சாஞ்சிருக்கும்."

நான்கு பஞ்சுக்குச்சிகள் இடது பக்கம் இறங்கின. ஒரு மரம் வந்தது. அடுத்தது வந்தது. வரிசையின் கடைசி மரம் காற்றுக்குத் தோளைக் கொடுத்தது போலச் சாய்ந்து நின்றது.

ஜக்கையன் வாசலிலிருந்து கத்தினான். "அய்யா, சாஞ்சிருக்கு!"

"அதுக்குக் கீழ?" வெள்ளைத்துரையின் குரலில் இப்போது கேலி இல்லை.

"தண்ணி. அதே மரம் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்கும். கரையோரம் ஒரு பொம்பளை குனிஞ்சு துணி அலசுறா. தலையில செவப்புத் துணி கட்டியிருப்பா."

தண்ணீர் வந்தது. தலைகீழ் மரங்கள் வந்தன. கரையில் பழுப்பாக ஏதோ ஒரு மேடு. ராமுத்தாய் அதன் உச்சியில் பஞ்சை ஒரே ஒரு உருட்டு உருட்டினாள்.

"ஆத்தாடி! செவப்பு!"

ஏலக்காய்க்குள் இருக்கும் அரிசி அளவுகூட இருக்காது அந்தச் சிவப்பு. ஆனால் அது தெரிந்த மாத்திரத்தில் சுற்றியிருந்த பச்சையெல்லாம் விழித்துக்கொண்டது. வரைந்தவன் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறான் என்று சுந்தரம்மாளுக்குப் பட்டது. பச்சைக்கு நடுவே துளிச் சிவப்பை வைத்தால் கண் அந்த இரு நிறத்தையும் உரசிப் பார்க்கும். பச்சை இன்னும் பச்சையாகும். பேர் தெரியாத அந்த மனுஷன் பிரான்சில் எங்கோ ஒரு குளக்கரையில் உட்கார்ந்து செய்த கணக்கை, அப்பா ஒரு பார்வையில் வாங்கி இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். துப்பாக்கிக்கு நேர் எதிரே நின்றுகொண்டு வாங்கியிருக்கிறார்.

"பசு மூணு. வலது பக்கம்" என்றார் மலைச்சாமி, கேட்காமலேயே.

வலது பக்கம் துடைத்தார்கள். ஒரு பசு. பின்னால் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு பாறை. வெள்ளைத்துரை பாறையைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். அது பாறையாகவே இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மலைச்சாமி உள்ளே வந்துவிட்டார். மேஜையருகே நின்று குனிந்தார். பாதிப் படம் இன்னும் கறுப்புதான், மீதியைச் செய்து முடிக்க அந்தக் காய்ப் பருவம் முழுக்க ஆகும். ஆனால் வானமும் மரமும் நீரும் துணி அலசுகிறவளும் வந்துவிட்டார்கள். நாள்பட்டுப் பழுத்த மெருகின் மஞ்சளில் எல்லாமே வெயில் ஏறுகிற நேரமாக இருந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது. சுந்தரம்மாள் அவரை அவ்வளவு உயரமாகப் பார்த்ததில்லை.

"பசு ரெண்டுதான் இருக்கு" என்றார் கடைசியில், சந்தேகமாக.

"மூணாவது மேயப் போயிருக்கும் மாமா" என்றான் வெள்ளைத்துரை. "சாயங்காலம் வந்துரும்."

அன்று சாயங்காலம் பூஜையில் ராமுத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு படத்துக்கு முன்னால் தயங்கி நின்றாள். பழக்கப்பட்ட கை நீண்டுவிட்டது.

"சட்டத்துல வையி" என்றான் வெள்ளைத்துரை. "வானத்துல வைக்காத, சொல்லிட்டேன்."

சட்டம் படத்தோடேயே இருந்தது. படம் போடியில் இருந்த வீட்டுக்கு இறங்கியது. அங்கே பூஞ்சையும் இல்லை, புகையும் இல்லை. வெள்ளைத்துரை தன் அய்யா போட்டோவுக்குத் தேக்கில் வேறு சட்டம் செய்துகொண்டான். படத்தின் நெற்றியில் சந்தனம் இருந்த இடம் மட்டும் மற்ற வானத்தைவிட ஒரு துளி வெளிச்சம் கூடுதலாகவே நின்றுவிட்டது. அதைப் போக்க முடியாது என்று தெரிந்ததும் சுந்தரம்மாள் விட்டுவிட்டாள்.

தை மாதம் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பேச்சு வற்றியபோது ஒரு பங்காளி வழக்கம்போல ஆரம்பித்தார். "நம்ம மலைச்சாமி அண்ணன் துப்பாக்கிய விட்டுட்டு..."

அடுத்த பந்திக்காகக் காத்து நின்ற சுந்தரம்மாள் திரும்பிப் பார்த்தாள். எதிர்வரிசையில் வெள்ளைத்துரை சாம்பார்ச் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"ஆமா, விட்டுட்டாரு. துப்பாக்கி எந்தத் துரை வீட்டுலயும் இருக்கும்" என்றான், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "எங்க மாமா பாக்காமயே படத்துல இருந்த மரத்தையெல்லாம் சொன்னாரு. சாஞ்ச மரத்தைக்கூடச் சொன்னாரு. சாப்ட்டுட்டுக் கையக் கழுவுங்க, ஜீப்பு வெளிய நிக்குது. போடி வரைக்கும் வந்து ஒங்க கண்ணால பாருங்க."

"எத்தனை பேரு ஏறலாம் மாப்ளே?" என்று கேட்டார் பங்காளி.